கடலைப் பொட்டலத்தில் வந்த விண்கப்பல்

ஈப்போ நகரின் சிலிபின் பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, பொட்டலத்தின் அடியில் மாட்டிக்கொண்ட கடைசிக் கடலைக்காக விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கடலை வருவதாக இல்லை. எரிச்சலில் பொட்டலத்தையே பிரித்துவிட்டேன். உள்ளே ஒரு விண்கப்பலின் மூக்கு இருந்தது.

புகைப்படம் இல்லை. யாரோ கையால் தீட்டிய வண்ணப்படம். கூரான மூக்கு, அதன் பின்னால் சாய்வான கண்ணாடிகள், கண்ணாடிக்குள் இரண்டு தலைகள். கதவுக்கு வெளியே ஒரு கயிற்றின் நுனியில், பருத்த உடை போட்ட ஓர் ஆள் மிதந்துகொண்டிருந்தார். மேலே ஒரே கறுப்பு. கீழே நீலமாக ஒரு பட்டை. கப்பலின் உடம்பு இடப்பக்கமாக நீண்டுகொண்டே போய், திடீரென்று நின்றது. தாளைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள்.

ஓரத்தில் பொடி எழுத்தில் ஆண்டு இருந்தது. ஐம்பதுகளில் வந்த ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகை. நான் பிறப்பதற்கு முன்னால் வந்தது. அதைவிட முக்கியம், மனிதர் ஒருவர்கூட பூமியை விட்டு வெளியே போவதற்கு முன்னால் வந்தது. யாருமே பார்த்திராத இடத்தை, நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போல ஒருவர் வரைந்திருக்கிறார். மிதக்கும் ஆளின் முழங்கால் மடிப்பில் வெயில் விழுவதுகூட இருந்தது.

நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போயிற்று. எனக்கு ஒரே ஒரு யோசனைதான். இதன் மறுபாதியில் இந்த நேரம் ஈப்போவில் யாரோ கடலை தின்றுகொண்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். இது மாதிரி இன்னும் எத்தனை படம் ஊரெல்லாம் பொட்டலமாகச் சுற்றுகிறதோ, எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

வீடு புந்தோங்கில். அப்போது நான் பாலிடெக்னிக்கில் வரைபடப் படிப்பில் சேர்ந்து முதல் வருடம். அண்ணன் பஸ் பட்டறையில் ஃபிட்டர். மாலையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு இளைஞர் மன்றத்துக்குப் போய்விடுவான். மன்றத்தின் கேரம் அணிக்கு அவன்தான் தலை. அன்றைக்கு அவன் புறப்படும்போது நான் பொட்டலத் தாளை ஒரு பழைய வேட்டிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னா இது, கச்சாங் பேப்பருக்கெல்லாம் இஸ்திரி?”

“மறுபாதி வேணும்ணே.”

“கடலையிலயா?”

“படத்துல.”

அவன் குனிந்து பார்த்தான். “பசிச்சா சொல்லு, கடலை வாங்கித் தரேன். பேப்பரத் திங்காத.”

கச்சாங் பூத்தே என்று இங்கே சொல்லும் கடலை, முறுக்கு வகைகளை வறுக்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஒரு வரிசையாகவே உண்டு. காற்று திரும்பினால் தெருவே கடலை மாவும் மிளகாயுமாக மணக்கும். தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அந்த வீடுகளில் ஒன்றின் மகள். மறுநாள் காலை அவளைப் போய்ப் பிடித்தேன்.

“அதுவா. பத்து காஜா ஊரு பக்கம் ரப்பர் தோட்டத்த வித்துட்டாங்கல்ல, அங்க மானேஜர் பங்களாவுல கெடந்ததாம். பழைய பேப்பர்காரரு லாரியில கொண்டாந்தாரு. நல்ல கெட்டி பேப்பர் டி, எண்ணெ சீக்கிரம் எறங்காது.”

“முழுசா ஏதாச்சும் இருக்கா?”

“எல்லாத்தையும் வெட்டியாச்சு. ஒரு பக்கத்துக் கட்டு எங்க சித்தப்பா சினிமா வாசலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னொரு கட்டு பஸ் ஸ்டாண்டுக்கு. போய்க் கேளு, கடலையோட தருவாரு.”

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அது நாங்கள் இருந்த தோட்டம். அம்மா அங்கேதான் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். நான் சின்னப் பிள்ளையாக தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த காலத்தில், மேட்டின்மேல் பங்களாவில் இந்த விண்கப்பல் ஏதோ ஓர் அலமாரியில் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. சரி, ஒருவழியாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, இனி விடமாட்டேன் என்றுதான் தோன்றியது.

அன்றிலிருந்து என் பள்ளித் தோழியும் அவள் சித்தப்பாவும் என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்தார்கள். கடலை வாங்குவேன், கையோடு வேறொரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொள்வேன், தாளை மட்டும் நீவி எடுத்துக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பேன். “அக்கா, பேப்பர் வேணாம்னா குடுக்கிறீங்களா?” என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே தருவார்கள். சினிமா வாசல் அண்ணன் பொறுப்பு. கிண்டல் செய்துகொண்டேதான் போனான். ஆனால் ஒவ்வொரு புதுப் படத்துக்கும் போய்விட்டு வரும்போது, சட்டைப் பையிலிருந்து கசங்காத தாள்கள் வெளியே வரும்.

“கூட்டாளிங்க எல்லாம் இன்டர்வல்ல என்னைய குப்பைக்காரன்னு கூப்பிடுறானுங்க. உன்னாலதான்.”

அலமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின் நிறைந்தது. சக்கரம் மாதிரி சுழலும் ஒரு விண்வெளி வீடு. நிலவில் கண்ணாடிக் கூடாரங்கள், கூடாரத்துக்குள் தோட்டம் போட்டிருந்தார்கள். இறக்கை மட்டுமே உடம்பாக இருக்கும் ஒரு விமானம், இறக்கைக்குள்ளேயே சாப்பாட்டு மேசை, மேசையில் பூ. வயிற்றைத் திறந்துகாட்டும் வெட்டுப் படங்களும் உண்டு. என்ஜின், எண்ணெய்த் தொட்டி, படிக்கட்டு எல்லாம் தெரியும். பாலிடெக்னிக்கில் நாங்கள் போல்ட்டையும் நட்டையும் மூன்று பக்கத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தோம். அங்கே இருக்கும் பொருளை அளந்துதான் வரைய வேண்டும். இவர்களோ இல்லாத பொருளுக்கு முதலில் படம் வரைந்திருக்கிறார்கள். பொருள் பின்னால் வந்து சேரட்டும் என்று. இறக்கை வைத்த விண்ணோடம் ஓடுதளத்தில் வந்து இறங்குவதை டிவி செய்தியில் நாங்கள் பார்த்திருந்தோம். அதன் மூக்கும் என் பொட்டலத்து மூக்கும் ஏறக்குறைய ஒன்று. இதை நினைத்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

எல்லாம் பாதிப் பாதியாகத்தான் இருந்தன. சேர்த்து விரிக்க மேசையும் சுவரும் வேண்டும். எங்கள் வீட்டில் சாமிப்படச் சுவர் தவிர வேறு சுவர் இல்லை.

இளைஞர் மன்றத்தில் பின்பக்கம் ஓர் அறை இருந்தது. பழைய நாற்காலிகளும் ஒரு நீள மேசையும் கிடந்தன. வெளிச்சம் நன்றாக வரும். அந்த அறையை இரண்டாவது கேரம் பலகைக்குக் கேட்டு அண்ணன் அணி ஏற்கெனவே மனுப் போட்டிருந்தது. நான் நேராக மன்றத் தலைவரிடம் போனேன். அவர் பத்து காஜா ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். மன்றத்துக்கு வந்தாலும் வார்டில் நிற்கிற மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

“தலைவரே, பின்னால உள்ள ரூம எனக்குத் தாங்க. படம் வரையிற ரூமா வெச்சுக்கிறேன். புள்ளைங்களுக்கும் சொல்லித் தரேன்.”

கேரம் பலகையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “கச்சாங் பேப்பர் மியூசியம் லா,” என்றான் ஒருவன். அண்ணன் தலையைத் தூக்காமலேயே சிவப்புக் காயைக் குழியில் போட்டான்.

தலைவர் யோசித்தார். “ஒரு ஞாயித்துக்கிழமை தரேன், தங்கச்சி. கண்காட்சி வை. சனம் வந்து பாத்தாங்கன்னா ரூம் உனக்கு. வரலன்னா பலகைக்கு. போலேயா?”

“போலே,” என்று ஒப்புக்கொண்டேன்.

கண்காட்சிக்கு ஒரு தலைப்படம் வேண்டும். அது என் விண்கப்பலாகத்தான் இருக்க வேண்டும். மூக்குக்கு ஏற்ற உடம்பை டின்னில் தேடினேன். அண்ணன் சினிமாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பாதியில் மாபெரும் ராக்கெட்டின் பின்பகுதி இருந்தது. பானை பானையாக நெருப்புக் குழாய்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெட்டு விளிம்பு அடியில் கொஞ்சம் சாய்ந்து போயிருந்தது. அந்தச் சாய்வுக்கு இந்தச் சாய்வு, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்திற்று. இன்னும் என்ன சாட்சி வேண்டும்? மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, இரண்டையும் கெட்டி அட்டையில் ஒட்டினேன். சேரும் இடத்தில் கப்பலின் முதுகு மட்டும் ஒரு படி இறங்கியது. அச்சடித்தவர்கள் கவனமில்லாமல் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாகப் படியெடுக்கும்போது, வளைவு வரைவதற்கு நாங்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தகட்டை அந்தப் படி இறக்கத்தின்மேல் வைத்து ஒரே இழுப்பு. படி மறைந்தது. கோடு வழுக்கிக்கொண்டு போனது. வரைபடம் படிக்காத ஒருத்திக்கு அந்தத் தப்பைச் செய்யத் தெரிந்திருக்காது.

கீழே இருந்த நீலப் பட்டையைக் கடல் என்று முடிவு செய்தேன். ‘கடலில் இறங்கும் ராட்சத விண்கப்பல்’ என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் எழுதி மன்ற வாசலிலும் கோயில் பக்கத்திலும் ஒட்டினேன். தலைவர் அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் தீபாவளி ஆர்டரில் தோழி வீடு திணறிக்கொண்டிருந்தது. பொட்டலம் மடிக்க ஆள் போதவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். புதிதாக ஒரு கட்டு வந்திருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துப் பழைய பாடப் புத்தகங்கள். அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள். முழங்காலால் அழுத்திக்கொண்டு, பெரிய கத்தியைத் தாளின் மேல் ஓரத்தில் வைத்து, அறுத்துக்கொண்டே இறங்கினாள். தாளின் அடி ஓரத்தை நெருங்கும்போது கத்தி கொஞ்சம் வலப்பக்கம் போயிற்று. கட்டு இரண்டாகப் பிரிந்தது.

“எப்பவுமே அப்படிச் சாயுமா?” என்றேன்.

“எனக்கு மணிக்கட்டு அப்படித்தான் டி. அப்பா தினமும் திட்டுவாரு.”

ஒரு பாதியை இந்தக் கட்டிலிருந்து உருவினேன். இன்னொரு பாதியை அந்தக் கட்டின் அடியிலிருந்து உருவினேன். வைத்துப் பார்த்தேன். ஒன்றில் எலியின் எலும்புக்கூடு. மற்றதில் ஜொகூர் ஆறுகளின் வரைபடம். மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்தின.

ஒரே அறுப்பில் கட்டு முழுவதும் வெட்டப்படுகிறது. எந்த இடப் பாதியும் எந்த வலப் பாதியோடும் சேரும். பொருந்துகிறது என்று நான் குதித்ததற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். இரண்டும் என் தோழி மணிக்கட்டின் கீழ் வந்தவை.

“என்ன டி, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?”

“என் கப்பலுக்கு வேற எவனோட வாலையோ ஒட்டிட்டேன் டி.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமைதானே கண்காட்சி?” என்றாள். அப்போது அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “யாருக்குத் தெரியப் போவுது? ஈப்போவுல எவன் விண்கப்பல் பாத்திருக்கான்? அப்படியே மாட்டு லா,” என்றான்.

“எனக்குத் தெரியுமேண்ணே.”

“அப்போ ரூம் எங்களுக்கு.”

இல்லாத ஒன்றை அவ்வளவு கவனமாக வரைந்தவரின் படத்தில், நான் ஒரு பொய் வாலைச் செருகியிருக்கிறேன். அதை மாட்டி வைத்து அறையை ஜெயிப்பதும், அந்த அறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருவதும் எப்படி நடக்கும்? அட்டையிலிருந்து உரிப்பது என்று முடிவு செய்தேன். உரிக்கும்போது கிழிந்தால் மூக்கும் போய்விடும். தலைப்படமே இருக்காது.

அம்மாவின் பெரிய அலுமினியத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அட்டையோடு மிதக்கவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். “ரப்பர் பால் கட்டிய உரிக்கிற மாதிரி உரி. இழுக்காத. அதுவா வரட்டும்,” என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நான் இழுக்கவில்லை. அட்டை ஊறிப் பிசுபிசுவென்று பிரிந்தது. தாள் மட்டும் ஊறவில்லை. காரணத்தைப் பிறகுதான் யோசித்தேன். கடலை எண்ணெய். பொட்டலமாக இருந்தபோது அதில் இறங்கிய எண்ணெய் தண்ணீரை உள்ளே விடவில்லை. பசையும் எண்ணெய் பட்ட இடத்தில் அரைகுறையாகத்தான் பிடித்திருந்தது. நான் இத்தனை மாதமாக மாவு தூவியும் இஸ்திரி போட்டும் ஒழிக்கப் பார்த்த அந்தக் கறைதான் தாளைக் காப்பாற்றியது. மூக்கு முழுசாகக் கையில் வந்தது.

அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி உலரவிட்டேன். அப்போது இன்னொன்று நடந்தது. எண்ணெய் இறங்கிய தாள் ட்ரேசிங் பேப்பர் மாதிரி வெளிச்சத்தை உள்ளே விட்டது. விண்கப்பலின் ஊடாகப் பின்பக்கம் தெரிந்தது. அங்கே ஒரு விளம்பரம். மழைக்கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர், தலைக்கு மேலே குடை. பாதிக் குடை. குடை நடுவில் வெட்டப்பட்டிருந்தது.

மறுபாதிக் குடை எந்தத் தாளின் முதுகில் இருக்கிறதோ, அதுதான் என் கப்பலின் மறுபாதி. விளிம்பு பொய் சொல்லலாம். ஒரே ஆளின் குடை பொய் சொல்லாது.

டின்னைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு தாளையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கேக் செய்முறை, நாய்க்குட்டிகள், பைப்பு பிடிக்கும் தாத்தா. குடை இல்லை. இருந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று நினைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு பாதியை, ஒன்றுமில்லை என்று தள்ளியிருந்தேன். முக்கால்வாசி கறுப்பு வானம், வெட்டு விளிம்பை ஒட்டி ஒரு சின்ன வால், ஒரு துண்டு இறக்கை. அவ்வளவு பெரிய மூக்குக்கு இவ்வளவு சின்ன வாலா என்று ஒதுக்கிவிட்டேன். அது எங்கே போயிற்று?

அண்ணன் ஒருநாள், “வேணாத பேப்பர் ஒண்ணு குடு,” என்று கேட்டு வாங்கிப் போனான். கேரம் பவுடர் மடிக்க.

மன்றத்துக்கு ஓடினேன். ஆட்டம் நடுவில் இருந்தது. பலகையின் ஓரத்தில் பவுடர் பொட்டலம் கறுப்பாகக் கிடந்தது. கையை நீட்டினேன். எதிரணிப் பையன் தட்டிவிட்டான்.

“ஏய், பவுடர். ஆட்டம் நடக்குதுல்ல.”

“அந்தப் பேப்பர் எனக்கு வேணும்.”

“மியூசியத்துக்கா? மச்சான், உன் தங்கச்சி நம்ம பவுடரையும் மாட்டப் போவுது.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தான். பொட்டலத்தை எடுத்து, பவுடரைத் தன் கைக்குட்டையில் கொட்டிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினான். நான் அதைக் கூரை பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளைப் பவுடர் ஒட்டிய கறுப்பு வானத்தின் ஊடாக, பாதிக் குடை தெரிந்தது.

“குடைண்ணே.”

“விண்கப்பல்ல எதுக்குக் குடை?” என்றான். ஆனால் ஆட்டத்தைத் தொடராமல் என்னோடு வீட்டுக்கு வந்தான்.

இரண்டையும் சேர்த்து ஜன்னலில் வைத்தோம். வெள்ளைக்காரர் முழுக் குடையின் கீழ் நின்றார். தாளைத் திருப்பினோம். கப்பலின் முதுகு படி இறங்காமல் ஓடி, சின்ன வாலில் முடிந்தது. என் ராட்சதக் கப்பலில் பாதி போய்விட்டது. ஆனால் மூக்குப் பாதியில் நேராக ஓடிய நீலப் பட்டை, மறுபாதியில் மெல்ல வளைந்து, கப்பலுக்குக் கீழே தாழ்ந்துகொண்டே போயிற்று. அது கடல் இல்லை. பூமியின் விளிம்பு. மொத்தப் பூமியும் கீழே இருந்தது. வளைவின்மேல் துணி மாதிரி மேகம். அதன்மேல் கப்பல் ஒரு தும்பி அளவுக்கு நின்றது.

அண்ணன் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு, “டிவில எறங்குச்சே, அந்த மாதிரியே இருக்கு லா,” என்றான். “இத அப்பவே வரஞ்சிட்டானா?”

“அப்பவே.”

“பவுடர நான் தொடைச்சுத் தரேன். நீ கைய வெக்காத, வேர்க்குது உனக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கதவைத் திறந்தபோது வாசலில் தலைவரும் ஒரு நாயும் மட்டும்தான் நின்றார்கள். கோயில் பூஜை முடிந்ததும் கூட்டம் வந்தது. தோழி வீட்டுக்காரர்கள் ஒரு தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் சித்தப்பா, தன் கடலைத் தாள்தானே சுவரில் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அவராகவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நிலாக் கூடாரத்தைக் காட்டி, “இது முறுக்கு மடிச்சது,” என்றார். எண்ணெய்க் கறையோடுதான் எல்லாவற்றையும் மாட்டியிருந்தேன்.

தலைப்படத்தின் இடத்தில் இரண்டு படங்கள். ஒன்று என் பொய் வால் வைத்த பெரிய படி, வழுக்கும் கோட்டோடு. பக்கத்தில் உண்மையான கப்பல், கீழே பூமியோடு. இரண்டுக்கும் நடுவில், எப்படித் தப்பு நடந்தது, குடை எப்படிப் பிடித்துக்கொடுத்தது என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களை இழுத்து வந்து படிக்க வைத்தார்கள். கண்காட்சியில் அதிகமாகக் கூட்டம் நின்றது அங்கேதான். பிள்ளைகள் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனார்கள். கேரம் அணி முழுவதும் வந்தது. அவர்கள் ராட்சதக் கப்பலுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அப்போதுதான் அம்மாவோடு ஒரே மர நிரையில் பால் வெட்டிய ஓர் அக்கா கேட்டார், “பெருசு பெருசுன்னு போட்டிருந்தியே, நெசமா எம்புட்டுப் பெருசு இது?”

நானும் அதை யோசித்ததே இல்லை. படத்தில் கயிற்று நுனியில் மிதக்கும் ஆள் கண்ணில் பட்டார். டிவைடரை எடுத்து அவர் உயரத்தை அளந்தேன். அந்த அளவைக் கப்பலின் முதுகில் ஆள் ஆளாக நகர்த்திக்கொண்டே போனேன். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். வாலைத் தொட்டதும் நிமிர்ந்தேன்.

“நம்ம லயன் இருந்துச்சே க்கா, அந்த வரிசை முழுசும். அவ்வளவு நீளம்.”

“அம்புட்டா?” அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். கடைசி வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் மனசுக்குள் நடந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. “இத்தாம் பெருசு மேல பறக்குமா?”

“ஒருத்தர் வரஞ்சாரு. இப்போ பறக்குது.”

“தாள்ல தெரியலயே,” என்றார் அவர். “பாத்தாதான் நம்புவேன்.”

சாயங்காலம் தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேரம் பலகை முன்னால் போய் நின்றார். “என்னப்பா, சனம் வந்துச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

அண்ணன்தான் சொன்னான், “வந்துச்சு தலைவரே. ரூம் தங்கச்சிக்குத்தான்.” பிறகு அவனும் அவன் கூட்டாளிகளும் அறையில் கிடந்த உடைந்த நாற்காலிகளை அவர்களாகவே தூக்கி வெளியே போட்டார்கள். நீள மேசையைத் துடைத்து ஜன்னலுக்கு அடியில் இழுத்துப் போட்டார்கள். சாவியைத் தலைவர் என் கையில் தந்தபோது, அதில் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. வீடு வரும் வரைக்கும் அதை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே வந்தேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் அங்கே பிள்ளைகள் வருகிறார்கள். இல்லாத ஒன்றை வரைய வேண்டும், ஆனால் அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் அங்கே விதி. தோழி, எந்தப் புதுக் கட்டு வந்தாலும் கத்தி வைப்பதற்கு முன்னால் எனக்கு ஆள் அனுப்புகிறாள். விண்வெளிச் சக்கரத்தின் இன்னொரு பாதி இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. போன வாரம் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போய் வந்தோம். பால்மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். லயன் இருந்த இடத்தில் லாலான் புல். பந்து விளையாடிய திடல் மட்டும் அப்படியே கிடக்கிறது, சுற்றுவட்டாரப் பையன்கள் இன்னும் அங்கே ஆடுகிறார்கள். ஈப்போவில் இறங்கப் போகும் சின்ன விமானம் ஒன்று நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே தலைக்கு மேலே போயிற்று.

அந்தத் திடலில் கப்பலை அதன் நிஜ அளவுக்கே வரையப் போகிறோம். பந்தாட்டத்துக்குக் கோடு போடுகிற அதே சுண்ணாம்புத் தூள்தான். டிவைடருக்குப் பதில் கயிறும் முளைக்குச்சியும். வளைவுகளுக்கு அண்ணன் பட்டறையிலிருந்து பழைய ரப்பர் குழாய் கொண்டுவருகிறான். மிதக்கும் ஆளுக்குத் தலைவரையே கைகால் விரித்துப் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போடுவதாக இருக்கிறோம். முதலில் மாட்டேன் என்றார், இப்போது எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று கேட்கிறார். படத்தை எண்ணெய்த் தாளிலிருந்து கட்டம் போட்டு எடுத்தாகிவிட்டது. அந்த அக்கா, தன் வீடு இருந்த இடம் தனக்குத் தெரியும், அங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மேலே போகிற விமானத்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், அவர்களும் பார்க்கட்டும்.

கேரம் அணி முழுதும் வருகிறது. மழை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை மூக்கிலிருந்து தொடங்குகிறோம்.